எலும்பும் தோலுமாய் மீட்ட பூனைக்கு எவ்வளவு சாப்பாடு கொடுக்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: பல நாள் பூட்டிக் கிடந்த கிடங்கிலிருந்து மீட்ட பெண் பூனை. வளர்ந்த பூனைதான், ஆனால் எடை 2.2 கிலோ. முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். வைத்ததை நொடியில் காலி செய்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கத்துகிறது. வயிறு நிறையக் கொடுக்கலாமா, சீக்கிரம் உடம்பு தேற என்ன கொடுப்பது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனையோடு எப்போது சேர்த்து விடலாம்?

முதல் கேள்விக்குப் பதில்: இப்போதைக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். கத்தட்டும். கேட்கவே பாவமாக இருக்கும், இருந்தாலும் முதல் ஒரு வாரம் அதன் பசியை அளவுகோலாக வைக்கக் கூடாது. உணவே இல்லாமல் கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய உணவு போனால், அதனாலேயே உயிர் போகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் பட்டினியைத் தாங்கி வந்துவிட்டு, சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தார்கள். மருத்துவ உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். ரீஃபீடிங் சின்ட்ரோம் என்பார்கள். பூனைக்கும் இது அப்படியே பொருந்தும்.

நடப்பது இதுதான். பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓட்டிக்கொண்டிருக்கும். பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற தாதுக்களின் கையிருப்பு உள்ளுக்குள் வற்றிக்கொண்டே போகும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருப்பதுபோலவே தெரியலாம். உணவு, அதிலும் மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் கூடுகிறது. செல்கள் சர்க்கரையை இழுக்கும்போது கூடவே ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. ரத்தத்தில் அவற்றின் அளவு சடாரென்று விழுகிறது. பாஸ்பரஸ் மிகவும் குறைந்தால் சிவப்பணுக்கள் உடையும். பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

பெரும்பாலும் சாப்பிடத் தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் இது தலைகாட்டும். நேற்று வரை ஆவலாகச் சாப்பிட்ட பூனை இன்று துவண்டு கிடக்கிறது, தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சில் படுகிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, ஈறு வெளுத்திருக்கிறது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகிறது. இவற்றில் எதைக் கண்டாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒல்லியாக இருக்கிற எல்லாப் பூனைக்கும் இந்த ஆபத்து ஒரே அளவு கிடையாது. தெருவில் கிடைத்ததைத் தின்று, வயிற்றுப் புழுவாலும் தெள்ளுப்பூச்சியாலும் மெலிந்த பூனை வேறு. அதன் குடல் தினமும் ஏதோ வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் முழு அளவுக்கு வந்துவிடலாம். உங்கள் பூனைபோல நாள் கணக்கில் எதுவுமே கிடைக்காமல் அடைபட்டுக் கிடந்தது வேறு வகை. அதைத்தான் மெதுவாகக் கொண்டுவர வேண்டும். எந்த வகை என்று தெரியாவிட்டால் இரண்டாவது வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள், நட்டமில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று சூடு. பூனையின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மெலிந்த பூனைக்குப் போர்த்திக்கொள்ளக் கொழுப்பு இல்லை. காதும் பாதமும் சில்லென்று இருக்கும். 37-க்குக் கீழே போய்விட்ட பூனைக்கு உணவு கொடுத்தால் குடல் அசையாமல் அது அப்படியே தங்கும், வாந்தி வரும். முதலில் கதகதப்பு, பிறகுதான் கிண்ணம். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் படுக்கையின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் விலகிப் போக இடம் இருக்க வேண்டும். நகரவே தெம்பில்லாத பூனையை மின்சார ஹீட்டிங் பேடின் மேல் நேராகப் படுக்க வைத்தால் தோல் வெந்துவிடும், அதுவும் வெளியே தெரியாமல்.

இரண்டாவது நீர். பிடரித் தோலை இழுத்துவிட்டு அது உடனே திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். மெலிந்த பூனையில் அது ஏமாற்றும். அடியில் கொழுப்பே இல்லாததால், உடம்பில் நீர் போதுமான அளவு இருந்தாலும் தோல் தூக்கியபடியே நிற்கும். அதைவிட ஈறை விரலால் தொட்டுப் பாருங்கள். வழுவழுவென்று ஈரமாக இருந்தால் சரி; விரலில் ஒட்டினால் நீர் குறைவு. கண் உள்ளே போயிருந்தால் குறைவு அதிகம். அப்போது ஊசி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து வாயில் பீய்ச்சுவது வேலைக்கு ஆகாது, நுரையீரலுக்குள் போனால் இன்னொரு நோய். கால்நடை மருத்துவர் தோலுக்கடியிலோ நரம்பிலோ சலைன் ஏற்றட்டும். குளுக்கோஸ் தண்ணீரும் தேனும் தெம்பு தரும் என்று யாராவது சொல்வார்கள். இன்சுலினைத் தூண்டிவிடுவதே அந்தச் சர்க்கரைதான் என்று மேலே பார்த்தோம். சர்க்கரை விழுந்து மயங்கிக் கிடக்கும் குட்டிக்கு ஈறில் தடவுவது தனிக் கதை; நின்று கத்துகிற வளர்ந்த பூனைக்கு அது வேண்டாம்.

இப்போது அளவு. ஓய்வில் இருக்கும் உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சக்தியைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. சாதாரணக் கால்குலேட்டரே போதும். எடையை கிலோவில் எடுத்து மூன்று முறை பெருக்குங்கள், வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், வந்ததை 70-ஆல் பெருக்குங்கள். உங்கள் பூனைக்கு 2.2 × 2.2 × 2.2 என்றால் 10.65, இரண்டு வர்க்கமூலத்துக்குப் பிறகு 1.8; எழுபதால் பெருக்கினால் சுமார் 126 கிலோ கலோரி. இப்போதைய எடையை வைத்தே கணக்கிட வேண்டும். நாலு கிலோ இருக்க வேண்டிய பூனையாயிற்றே என்று நாலுக்குக் கணக்குப் போட்டால் முதல் நாளே அதிகம் போய்விடும்.

கடுமையான பட்டினி என்றால் முதல் நாள் இதில் கால் பங்கு, அதாவது சுமார் 30 கிலோ கலோரி. வெட் ஃபுட்டில் 100 கிராமுக்கு 90 கிலோ கலோரி இருப்பதாக வைத்துக்கொண்டால் (டப்பாவில் போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்) அது நாள் முழுவதற்கும் ஏறக்குறைய 35 கிராம்தான். ஆறு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. தட்டில் வைத்துப் பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று உங்களுக்கே மனசு கேட்காது. இவ்வளவுதான். இரண்டாம் மூன்றாம் நாட்களில் பாதி, அடுத்த இரண்டு நாட்கள் முக்கால், ஆறாம் ஏழாம் நாள் வாக்கில் முழு அளவு. நடுவில் வாந்தியோ கடும் பேதியோ வந்தால் முந்தைய படிக்கு இறங்கி ஒரு நாள் நில்லுங்கள். இந்தச் சில நாட்களுக்குள் பாஸ்பரஸ், பொட்டாசியம் இரண்டையும் ஒரு முறை பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் பரிசோதனையில் சரியாக இருந்தது மட்டும் போதாது. உணவு தொடங்கும் முன் பி1 வைட்டமின் ஊசி போடலாமா என்றும் கேட்டுவிடுங்கள். பட்டினியில் அதுவும் வற்றிப்போகும்.

முழு அளவை எட்டி, நாலைந்து நாள் சிக்கலின்றிப் போனால் பிறகு கடிவாளத்தைத் தளர்த்தலாம். அந்த 126 வெறும் ஓய்வுக்கணக்குதானே, எடை ஏற அதைத் தாண்டியாக வேண்டும். அப்போது நாலைந்து வேளையாக, கேட்கிற அளவு கொடுங்கள்.

என்ன கொடுப்பது? குட்டிப் பூனைகளுக்கென்று விற்கும் வெட் ஃபுட். வளர்ந்த பூனைதானே என்று யோசிக்க வேண்டாம். புரதமும் கொழுப்பும் அதில் கூடுதல், மாவுச்சத்து குறைவு, கொஞ்சத்தில் நிறைய சக்தி, தண்ணீரும் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும். நோயிலிருந்து தேறும் பூனைகளுக்கென்று மருத்துவர்கள் தரும் டப்பா உணவு கிடைத்தால் இன்னும் நல்லது. டிரை ஃபுட்டில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோ கலோரி வரை இருக்கும். அதனால் எடை ஏற்ற அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் மாவுச்சத்து அதில்தான் அதிகம். பசித்த பூனை மெல்லாமல் விழுங்கி, அது வயிற்றில் ஊதி, பத்து நிமிடத்தில் முழு முழு மணியாக வெளியே வரும். முதல் வாரம் தாண்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம்.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. ஏற்கெனவே நீர் குறைந்த உடம்பில் பேதி வேறு. உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஓரிரு நாள் ஆசைகாட்டப் பயன்படும், அதுவே சாப்பாடாகிவிடக் கூடாது. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் இருக்கிற அளவுக்குக் கால்சியம் இல்லை, வாரக்கணக்கில் போனால் எலும்பு பலவீனமாகும். டாரின் என்ற அமினோ அமிலத்தின் விஷயமும் இருக்கிறது. பூனையின் உடம்பு டாரினைத் தனக்கு வேண்டிய அளவு தயாரித்துக்கொள்ளாது, உணவில்தான் வர வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து விரிவடைகிறது என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987-ல் காட்டினார்கள். அதன் பிறகுதான் கம்பெனிகள் உணவில் டாரினைக் கூட்டின. நாய் உணவைப் பூனைக்குப் போடக் கூடாது என்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். பச்சை மீனும் வேண்டாம். பல மீன்களில் பி1 வைட்டமினை உடைக்கும் பொருள் இருக்கிறது. வெங்காயம், பூண்டு எந்த வடிவத்திலும் கூடாது, சிவப்பணுக்களை உடைக்கும்.

டானிக், பசி சிரப், மல்டிவைட்டமின் பேஸ்ட் பற்றிப் பலர் கேட்பார்கள். முழுமையான உணவு சாப்பிடுகிற பூனைக்கு அவற்றால் பெரிய லாபம் இல்லை என்பது என் எண்ணம். பேஸ்ட்டில் பாதிக்கு மேல் எண்ணெயும் சர்க்கரைப் பாகும்தான் இருக்கும். குடல் பாதிக்கப்பட்ட பூனைக்கு பி12 ஊசி உண்மையில் உதவும், ஆனால் அது மருத்துவர் பார்த்துப் போட வேண்டியது.

வாரிவாரி விழுங்கும் பழக்கத்துக்கு ஒரு எளிய வழி: கிண்ணத்தை விட்டுவிட்டு அகலமான தட்டில் உணவை மெல்லிசாகத் தடவி வையுங்கள். நக்கித்தான் எடுக்க முடியும், வேகம் தானாகக் குறையும். வேளை தவறாமல் வைப்பதும் முக்கியம். பட்டினி கண்ட பூனை தட்டைப் பார்த்ததும் உறுமும், வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடும். அதை அதட்டாதீர்கள், தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும் என்று அதற்கு உறைத்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உங்கள் பூனை சாப்பிடுகிறது, அது நல்ல செய்தி. மீட்டவற்றில் பல திரும்பிக்கூடப் பார்க்காது. சாப்பிடாத பூனைக்கு நேரம் இன்னும் குறைவு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எதுவும் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து காமாலை வரலாம். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம், மற்றவை தப்பும் என்று சொல்ல முடியாது. பூனை மூக்கால்தான் சாப்பிடும். சளி அடைத்திருந்தால் ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைத்துவிட்டு, உணவை உடல் சூட்டுக்குக் கதகதப்பாக்கி வைத்துப் பாருங்கள். வாயைத் திறந்து பாருங்கள்: நாக்கில் புண், சிவந்த ஈறு, உடைந்த பல் இருந்தால் பசித்தாலும் தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். குமட்டலுக்கு மருந்து உண்டு, பசியைத் தூண்ட மிர்டாசபின் போன்ற மருந்துகள் உண்டு. சிரிஞ்சால் வலுக்கட்டாயமாகத் திணிப்பதை நான் விரும்புவதில்லை. உணவு மூச்சுக்குழாயில் போகலாம், பூனை அந்த உணவையே வெறுத்துவிடவும் செய்யும். கழுத்து வழியாக உணவுக்குழாயில் டியூப் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் பயப்படாதீர்கள். பார்க்கத்தான் பயங்கரம், பூனைக்கு அது சிரிஞ்சைவிடப் பல மடங்கு நிம்மதி.

மருத்துவரிடம் முதல் தடவையே கேட்டுவிட வேண்டியவை சில. மலப் பரிசோதனையும் குடற்புழு மருந்தும். உருண்டைப் புழுவுக்கான மருந்தை இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். வால் பக்கம் அரிசி மணி மாதிரி அசைந்தால் நாடாப்புழு. அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி, இரண்டையும் சேர்த்து ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் இரண்டு வைரஸ்கள்) ரத்தப் பரிசோதனை. வயதான பூனை என்றால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு. அப்புறம் உங்களுடையது பெண் பூனை, சினையா என்றும் பார்த்துவிடுங்கள். உடம்பெல்லாம் எலும்பாக இருந்து வயிறு மட்டும் உருண்டிருந்தால் அது சினையாகவும் இருக்கலாம், புழுவாகவும் இருக்கலாம், வயிற்றில் நீர் கோத்ததாகவும் இருக்கலாம். சதை போட்டுவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் தொடாதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை கொன்றுவிடும். நாய்க்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படியே. அழுக்காக இருக்கிறதே என்று குளிப்பாட்டவும் வேண்டாம். ஈரமும் குளிரும் இப்போது அதற்குத் தாங்காது. வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

எடையை முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன் பாருங்கள். சமையலறைத் தராசு சிறியது என்றால் குழந்தைகளை நிறுக்கும் தராசு நல்லது. நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறிக் கழிக்கிற முறையில் நூறு கிராம் வித்தியாசம் தெரியாது, இங்கே நூறு கிராமே பெரிய விஷயம். முதல் இரண்டு நாளில் சட்டென்று ஏறுவது பெரும்பாலும் நீர்தான். அதன் பிறகு வாரா வாரம் நிதானமாக ஏறினால் போதும்.

தராசைவிடக் கை சொல்வது அதிகம். வாரம் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள்: தலையில் கண்ணுக்கு மேல் உள்ள பள்ளம், தோள்பட்டை எலும்பின் விளிம்பு, முதுகுத்தண்டின் இரு பக்கம், இடுப்பு எலும்பு. விலாவில் மெத்தென்று படிந்துவிட்ட பிறகும் முதுகுத்தண்டு கூராகவே இருக்கும். கொழுப்பு சீக்கிரம் வரும், தசை தாமதமாகத்தான் வரும். அதற்குப் புரதமும் வேண்டும், அசைவும் வேண்டும். அதனால் தெம்பு வந்ததும் அறையில் தாழ்வாக ஒரு படி, ஒரு ஸ்டூல் என்று ஏறி இறங்க ஏதாவது வையுங்கள், கயிறு ஆட்டி விளையாடுங்கள். ரோமம் இன்னும் தாமதம்; மங்கிப்போனது உதிர்ந்து புதிது வர மாதங்கள் ஆகும்.

வீட்டுப் பூனையோடு சேர்ப்பது: குறைந்தது இரண்டு வாரம் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தட்டு. சேர்க்கும் முன் பரிசோதனை முடிவுகள் கையில் இருக்க வேண்டும், எஃப்.இ.எல்.வி. முதல் முறை இல்லை என்று வந்தாலும், சமீபத்தில் தொற்றியிருந்தால் தெரியாது என்பதால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். பூனைகளுக்குக் கடும் வாந்தி பேதி தந்து கொல்லக்கூடிய பான்லுக்கோபீனியா வைரஸ்தான் பெரிய கவலை. அது தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரைகூடத் தாங்கும், சாதாரண சோப்புக்கு மசியாது, பிளீச் கலந்த தண்ணீர் போன்றவற்றில்தான் சாகும். வீட்டுப் பூனையின் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் அதை முதலில் முடியுங்கள். தினமும் வீட்டுப் பூனையை முதலில் கவனித்துவிட்டுப் பிறகு புதிய பூனையின் அறைக்குப் போங்கள், திரும்பும்போது கை கழுவி மேல்சட்டையை மாற்றுங்கள். புதியது கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள், ரேபிஸ் விஷயத்தில் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணல் தட்டை வேறு யாராவது சுத்தம் செய்யட்டும்.

தடுப்பூசி எப்போது போடலாம் என்பதை மருத்துவர் உடல்நிலை பார்த்துச் சொல்வார். கருத்தடைக்கு அவசரப்பட வேண்டாம், மயக்க மருந்தைத் தாங்கும் அளவுக்கு எடையும் ரத்தமும் தேறட்டும். அதுவரை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் தொட்டால் மட்டும் மெல்லிய படலத்துக்கு அடியில் தட்டுப்படுகிற நிலை வந்ததும் குட்டி உணவிலிருந்து சாதாரண உணவுக்கு ஒரு வாரத்தில் கலந்து கலந்து மாற்றுங்கள். மாற்றவில்லை என்றால் ஆறு மாதத்தில் வேறு பிரச்சினையோடு வருவீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை நிற்காமல் மறுபடி இறங்கினால் சாப்பாட்டைக் கூட்டிப் பயனில்லை. குடல், தைராய்டு, சர்க்கரை, பல் என்று காரணத்தைத் தேடத் திரும்ப ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள், நீங்கள் எழுதி வைத்த எடைக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு.